நாழிகைவழி: சிங்கப்பூர் – இலண்டன் வான்வழியில் தொலைவும் காலமும்

1. முன்னுரை

தமிழில் 'நாழிகைவழி' என்றொரு பழஞ்சொல் உண்டு. நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கக்கூடிய தொலைவு நாழிகைவழி எனப்பட்டது. அது ஏறத்தாழ ஒன்றரை மைல். இடத்தின் அளவைக் காலத்தின் அளவால் சொன்ன சொல் இது. இவ்வழக்கம் நம்மிடையே இன்றும் மறைந்துவிடவில்லை. ஈப்போ எவ்வளவு தொலைவு என்று கேட்டால் கிலோமீட்டரில் விடை சொல்வோரைக் காட்டிலும் இத்தனை மணி நேரம் என்று விடை சொல்வோரே மிகுதி. தொலைவும் காலமும் ஒன்றே என்னும் எண்ணம் அவ்விடைக்குள் மறைந்திருக்கிறது.

தமிழாசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆசிரியை ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்திட்டது. சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் இடையிலான தொலைவையும் விமானப் பயண நேரத்தையும் கண்டறிந்து வருமாறு அவர் மாணவர்களைப் பணித்திருந்தார். அனைவரும் கொண்டுவந்த தொலைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பயண நேரமோ ஆளுக்கொன்றாக இருந்தது. பதின்மூன்று மணி என்றார் ஒருவர். பதினான்கு என்றார் மற்றொருவர். பழைய நூலொன்றைப் புரட்டிய மாணவர் எட்டு நாள் என எழுதியிருந்தார். இன்னொருவர் ஒன்பது மணி நேரம் என்றார். இவற்றுள் எது சரி என்பதே ஆசிரியையின் வினா.

நான்கும் சரியே என்பது நமது விடை. தொலைவு நில உருண்டையின் வடிவத்தால் அமைவது; பயண நேரம் வரலாற்றால் அமைவது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் இவ்வான்வழியின் பயண நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்த காரணங்கள் யாவை என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பொறிகளின் ஆற்றல் அக்காரணங்களுள் ஒன்று மட்டுமே. காற்று, எரிபொருளின் விலை, போர், நாடுகளின் இசைவு ஆகியவையும் மணிக்கணக்கைத் தீர்மானித்துள்ளன என்பதை எடுத்துக்காட்டுவது நமது நோக்கம்.

2. மாறாத எண்

உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையிலான மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு பகுதியாக அமையும். சாங்கி விமான நிலையத்திலிருந்து இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்குப் பெருவட்ட வழியே ஏறத்தாழ 10,880 கிலோமீட்டர். இதனை 6,760 மைல் எனலாம். கடந்த நூற்றாண்டில் இரு நகரங்களிலும் விமான நிலையங்கள் இடம் மாறியுள்ளன. இலண்டனில் கிராய்டனின் இடத்தை ஹீத்ரோ பெற்றது. சிங்கப்பூரில் செலேத்தார், காலாங், பாய லேபார், சாங்கி என நிலையங்கள் அடுத்தடுத்து வந்தன. இவ்விடமாற்றங்கள் யாவும் சில கிலோமீட்டர் வேறுபாட்டையே உண்டாக்குவன. எனவே நம் ஆய்வுக்கு இவ்வெண்ணை மாறாதது எனக் கொள்ளலாம்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான நிலப்படத்தில் சிங்கப்பூரையும் இலண்டனையும் ஓர் அளவுகோலால் இணைத்தால் கோடு இந்தியாவையும் அரபு நாடுகளையும் தொட்டுச் செல்லும். அதுவே குறுக்குவழி என மாணவர் எண்ணுவர். உண்மையான பெருவட்டம் அதைவிட வடக்கே வளைந்து செல்கிறது. மலாக்கா நீரிணையின் வழியே வடமேற்காக ஏறி, அந்தமான் கடலைக் கடந்து, ஒடிசாவும் வங்கமும் கூடும் கரையை அணுகி, வட இந்தியா, பாகிஸ்தானின் வடபகுதி, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் ஆகிய நிலப்பரப்புகளின் மேலாகச் சென்று, ரஷ்யா – உக்ரேன் எல்லைப்பகுதியையும் பெலாருஸையும் போலந்தையும் ஜெர்மனியையும் தாண்டி இலண்டனை அடைகிறது. நிலவுருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கும் மாணவர் இதனை ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வர்.

ஆய்வு மாணவராக இவ்வழியில் பலமுறை சென்று வந்த காலத்தில், இருக்கையின் முன்னுள்ள சிறுதிரையில் அவ்வளைகோட்டை நாம் வியப்புடன் பார்த்ததுண்டு. அக்கோடு கடக்கும் நாடுகளின் பட்டியலை இப்போது நோக்கும்போது வேறோர் உண்மை புலப்படுகிறது. ஏதேனும் ஒரு காலத்தில் பிறநாட்டு விமானங்களுக்குத் தடையோ இடரோ நேராத பகுதி இக்கோட்டில் மிகக் குறைவு.

3. கப்பலும் முதல் விமானமும்

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல்வழி ஏறத்தாழ 8,300 கடல் மைல் ஆயிற்று. அஞ்சல் கப்பல்கள் இத்தொலைவைக் கடக்க மூன்று வாரத்திற்கும் மேலாயின. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இணைப்பு ஏற்பட்டது. அன்றுமுதல் செய்தியின் வேகம் வேறு, மனிதரின் வேகம் வேறு என்றாயிற்று. இரப்பர் விலையும் இறப்புச் செய்தியும் விரைவாக வந்து சேர்ந்தன. மனிதர் மட்டும் பழைய காலக்கணக்கிலேயே பயணம் செய்தனர். இவ்விடைவெளியே பின்னர் விமானத்தின் மீது மக்கள் வைத்த ஆவலுக்கு அடிப்படை எனலாம்.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாக வான்வழியே சென்ற ராஸ் ஸ்மித் குழுவினர், 1919 நவம்பர் 12ஆம் நாள் இலண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து விக்கர்ஸ் விமி விமானத்தில் புறப்பட்டனர். டிசம்பர் 4ஆம் நாள் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கினர். இடையில் கழிந்தவை 22 நாள்கள். பெருவட்டத் தொலைவை இந்நாள்களில் அடங்கிய மணிகளால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கிடைக்கிறது. இவ்வாறு கிடைக்கும் எண்ணை இக்கட்டுரையில் 'பயன்வேகம்' எனக் குறிப்போம். வானில் பறந்தபோது அவ்விமானம் இதைவிடப் பன்மடங்கு விரைவாகச் சென்றது உண்மையே. ஆயினும் பழுது, மழை, சேறு, இரவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் பயணம் முழுமையும் ஒரு மிதிவண்டியின் வேகத்திலேயே நடந்துள்ளது. முதல் விமானம் அஞ்சல் கப்பலை வெல்லவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

4. எட்டு நாள் பயணம்

இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929இல் இலண்டன் – கராச்சி சேவையைத் தொடங்கி, 1933இல் கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களை எட்டி, அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரை அடைந்தது. 1934 டிசம்பரில் இவ்வழி ஆஸ்திரேலியா வரை நீண்டது. இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ எட்டு நாள் பிடித்தது. கெய்ரோ, பாக்தாத், பாஸ்ரா, பஹ்ரேன், ஷார்ஜா, கராச்சி, ஜோத்பூர், டெல்லி, அலகாபாத், கல்கத்தா, அக்யாப், இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் எனப் பல இடங்களில் விமானம் இறங்கி ஏறியது. இரவில் பயணிகள் தங்கும் விடுதிகளில் உறங்கினர்.

இவ்வழியின் மேற்குப் பகுதியில் பறந்த ஹேண்ட்லி பேஜ் விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடியது. எட்டு நாள் பயணத்தின் பயன்வேகமோ 57 கிலோமீட்டர்தான். எஞ்சிய வேகம் எங்குப் போயிற்று? இரவுத் தங்கலும் எரிபொருள் நிரப்பலும் பெரும்பகுதியை விழுங்கின. மற்றொரு பகுதியை அரசியல் விழுங்கியது.

இதற்கு இரு சான்றுகள் காட்டலாம். இத்தாலியுடன் ஏற்பட்ட பிணக்கின் விளைவாகப் பல ஆண்டுகள் பயணிகள் பாரிஸிலிருந்து பிரிந்திசித் துறைமுகம் வரை இரயிலில் செல்ல நேர்ந்தது. வான்வழிச் சீட்டு வாங்கியவர் ஐரோப்பாவின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின் மீதே கடந்தார். அடுத்து, பாரசீகம் தன் கரையோரமாகப் பறப்பதற்கு அளித்திருந்த இசைவை 1932இல் தொடரவில்லை. எனவே வழி வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியது. ஷார்ஜாவின் ஆட்சியாளருடன் அவ்வாண்டில் உடன்படிக்கை செய்யப்பட்டு, பாலைநிலத்தில் கோட்டை போன்றதொரு தங்குமனையும் எழுப்பப்பட்டது. நிலப்படத்தில் அதுவரை பெரிதும் அறியப்படாத ஓர் ஊர், ஒரு நாட்டின் மறுப்பினால் பன்னாட்டு வான்வழியில் இடம்பெற்றது.

1937 ஜூன் 12ஆம் நாள் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. தரையில் இறங்கும் விமானங்களுக்கு ஓடுகளமும் நீரில் இறங்கும் விமானங்களுக்குக் கடல்முகமும் அங்கு ஒருங்கே அமைந்திருந்தன. 1938இல் 'எம்பயர்' வகை நீர்விமானங்கள் சௌத்தாம்ப்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கத் தொடங்கியபோது பயணம் ஐந்தரை நாள் அளவிற்குச் சுருங்கியது. பயன்வேகம் 82 கிலோமீட்டராக உயர்ந்தது. இதனை அக்காலத்தின் உச்சம் எனலாம்.

5. போரினால் அறுந்த வழி

இவ்வுச்சம் இரண்டாண்டுகளே நீடித்தது. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி மூடப்பட்டது. அதன்பின் விமானங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து புறப்பட்டுக் கெய்ரோ, கராச்சி, சிங்கப்பூர் வழியாகச் சிட்னியை அடைந்தன. குதிரை இலாட வடிவில் அமைந்ததால் அது இலாட வழி எனப் பெயர்பெற்றது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது இலாடமும் முறிந்தது.

முறிந்த இடத்தை இணைப்பதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சி வான்போக்குவரத்து வரலாற்றில் தனியிடம் பெறுவது. 1943 ஜூலை முதல் 1945 ஜூலை வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா வகை நீர்விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கு இந்தியப் பெருங்கடலின் மேலாக இடையில் எங்கும் இறங்காமல் பறந்தன. தொலைவு 5,600 கிலோமீட்டருக்கும் சற்று மிகுதி. பயணம் 27 முதல் 33 மணி நேரம் வரை நீண்டது. ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயத்தைக் கண்டதனால் 'இரட்டை உதயம்' என்னும் பெயர் இப்பயணங்களுக்கு வழங்கலாயிற்று. எதிரியின் காதில் விழாதிருக்க வானொலியை அடக்கி, விண்மீன்களைக் கொண்டே திசையறிந்தனர். எரிபொருளின் சுமை மிகுதியாக இருந்ததால் ஒருமுறைக்கு மூன்று பயணிகளே ஏற முடிந்தது. இவ்வாறு 271 பயணங்கள் நடந்தேறின.

இன்று அதே தொலைவை ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் ஏழு மணி நேரத்திற்குள்ளாகக் கடந்துவிடும். ஆயினும் காலத்தால் அளக்குங்கால், வான்வழிப் பயணிகள் இடைநிற்றலின்றி இருந்த மிக நீண்ட பயணங்கள் இன்றளவும் அவையே. தொலைவைக் கொண்டு மட்டும் சாதனைகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் இவற்றுக்கு இடமில்லாது போவது வருந்தத்தக்கது.

6. விரைவின் விலை

போருக்குப்பின் 1947 டிசம்பரில் குவாண்டாஸ் கான்ஸ்டலேஷன் வகை விமானங்களைக் கொண்டு சிட்னி – இலண்டன் சேவையைத் தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாகச் சென்ற அப்பயணம் முழுமைக்கும் நான்கு நாள் ஆயிற்று. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் பயணிகள் இரவு தங்கினர்.

1952இல் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் சேவைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் அதனை இலண்டன் – சிங்கப்பூர் வழியில் ஈடுபடுத்தியது. பழைய விமானங்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம். மேகங்களுக்கு மேலே அதிர்வற்ற பயணம். மக்கள் அதனை வியந்து வரவேற்றனர். ஆயின் 1953 மே 2ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற காமெட், கல்கத்தாவிலிருந்து எழும்பிய சில நிமிடங்களில் புயல்மழைக்கிடையே சிதைந்து வீழ்ந்தது. 43 பேர் உயிரிழந்தனர். 1954 ஜனவரி 10ஆம் நாள் அதே வழியில் சிங்கப்பூரிலிருந்து சென்ற மற்றொரு காமெட், ரோமிலிருந்து எழும்பிய பின் எல்பாத் தீவருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையை 1952இல் தொடங்கி வைத்த அதே விமானம் அது. மூன்று மாதங்களுக்குள் மூன்றாவதாக ஒரு காமெட்டும் மத்தியதரைக் கடலில் வீழ்ந்தபின் அவ்வகை விமானங்களின் பறத்தல் நிறுத்தப்பட்டது.

பார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு காமெட்டின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் அமர்த்தி, உள்ளழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர். முன்னர்ப் பறந்த பறத்தல்களையும் சேர்த்து ஏறத்தாழ மூவாயிரம் சுற்றுகளில் உலோகம் கிழிந்தது. உலோகச் சோர்வு என்னும் சொல் அதன்பிறகே பொதுமக்கள் வழக்கில் பரவலாயிற்று.

உலோகம் சோர்ந்ததுபோல் மனிதரும் சோர்ந்தனர். 1954 மார்ச் 13ஆம் நாள் காலாங்கில் இறங்கிய கான்ஸ்டலேஷன் விமானம் ஓடுகளத்தின் முனையில் மோதித் தீப்பற்றியதில் 33 பேர் மாண்டனர். சிட்னியிலிருந்து நெடுநேரம் பணியில் இருந்த விமானியின் களைப்பும் விசாரணையில் பேசப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் பாய லேபார் விமான நிலையம் திறக்கப்பட்டது. பயண நேரம் குறைந்த வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லுவோர் இவ்விறப்புகளையும் அவ்வரலாற்றின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு மணி நேரக் குறைப்பிற்கும் யாரோ சிலர் விலை கொடுத்துள்ளனர்.

7. ஒன்பது மணி நேரம்

மாணவர்களுள் ஒருவர் கொண்டுவந்த 'ஒன்பது மணி' என்னும் விடைக்கு இனி வருவோம். 1977 டிசம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாக, ஒலியின் வேகத்தைப்போல் இருமடங்கு விரைந்து செல்லும் கன்கார்ட் விமானத்தை இலண்டன் – பஹ்ரேன் – சிங்கப்பூர் வழியில் இயக்கத் தொடங்கின. விமானத்தின் ஒரு பக்கத்தில் சிங்கப்பூர் நிறுவனத்தின் வண்ணமும் மறுபக்கத்தில் பிரிட்டிஷ் நிறுவனத்தின் வண்ணமும் தீட்டப்பட்டிருந்தன. பயண நேரம் ஏறத்தாழ ஒன்பது மணி. பயன்வேகம் மணிக்கு 1,200 கிலோமீட்டர். இவ்வழியின் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் எட்டப்படாத வேகம் அது.

மூன்று முறை சென்று திரும்பியதோடு சேவை நின்றது. ஒலியை விஞ்சும் விமானம் எழுப்பும் முழக்கத்தைக் காரணம் காட்டி, மலாக்கா நீரிணையின் மேலாக அவ்வேகத்தில் பறப்பதற்கு மலேசிய அரசு இசைவளிக்க மறுத்தது. பேச்சுவார்த்தைகளுக்குப் பின் 1979 ஜனவரி 24ஆம் நாள் சேவை மீண்டும் தொடங்கிற்று. இந்திய நிலப்பரப்பின் மேல் ஒலியை விஞ்சிப் பறக்க இந்தியாவும் இசையவில்லை. 1980 நவம்பர் 1ஆம் நாளோடு சேவை முற்றாகக் கைவிடப்பட்டது.

இந்நிகழ்வை எவ்வாறு மதிப்பிடுவது? 1944இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதி, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனித்த இறையாண்மை உண்டு என்கிறது. எனவே மலேசியாவும் இந்தியாவும் தமக்குரிய உரிமையையே பயன்படுத்தின. மேலே செல்வோர் சில நூறு பேர். கீழே முழக்கத்தைக் கேட்போர் மீனவரும் உழவரும் பள்ளிப் பிள்ளைகளும். எவருடைய நேரத்திற்காக எவருடைய அமைதி குலைவது என்னும் கேள்வி அங்கு எழுந்தது. பயண நேரத்தைக் குறைப்பது எல்லார்க்கும் ஒருங்கே நன்மை என்னும் கருத்தை நாம் அவ்வளவு எளிதில் ஏற்பதற்கில்லை.

8. வேகம் நின்றது, நிற்றல் குறைந்தது

கன்கார்டை விலக்கிப் பார்த்தால், பயணிகள் விமானங்களின் வேகம் 1960களுக்குப் பின் பெரிதாகக் கூடவில்லை. அன்றைய ஜெட் விமானங்களும் இன்றைய விமானங்களும் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவிலேயே பறக்கின்றன. ஆயினும் பயண நேரம் மேலும் சுருங்கியது. இடைநிற்றல்கள் ஒவ்வொன்றாக நீங்கியதே அதற்குக் காரணம். ஒரே மூச்சில் பறக்கத்தக்க விமானங்கள் வந்தபின் பஹ்ரேனும் கல்கத்தாவும் இவ்வழியின் நிறுத்தங்களாக இருந்த நிலை மாறியது.

இன்று சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். ஒரே தொலைவுக்கு இரு வேறு நேரங்கள் அமைவது மேலடுக்குக் காற்றினால் ஆகும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் நடு அட்சரேகைப் பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், கிழக்கு நோக்கி வருவோரைத் தள்ளியும் மேற்கு நோக்கிச் செல்வோரைத் தடுத்தும் நிற்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே என்னும் நம் பொதுவெண்ணம் வானில் செல்லாது.

இடைநிற்றலின்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சிங்கப்பூரின் மற்றொரு வான்வழி காட்டுகிறது. 2004 ஜூன் 28ஆம் நாள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிற்கு இடைநிற்றலில்லாச் சேவையைத் தொடங்கியது. தொலைவு ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர். நேரம் 18 மணிக்கும் மேல். நான்கு பொறிகள் கொண்ட ஏர்பஸ் 340-500 விமானத்தின் எரிபொருள் செலவு மிகுதியாதலின் 2013 நவம்பரில் அது நிறுத்தப்பட்டது. இருபொறி விமானமான ஏர்பஸ் 350-900 யூ.எல்.ஆர். கிடைத்தபின் 2018 அக்டோபர் 11ஆம் நாள் சேவை மீண்டும் தொடங்கிற்று. ஐந்தாண்டுகளுக்குச் சிங்கப்பூரும் நியூயார்க்கும் ஓர் இடைநிற்றல் அளவுக்கு ஒன்றையொன்று விலகி நின்றன. நிலத்தில் ஓர் அடிகூட நகரவில்லை. எண்ணெய் விலையும் பொறியின் திறனும் அவ்விலகலை ஏற்படுத்தின.

9. மூடும் வான்வெளி

2014 ஜூலை 17ஆம் நாளைக் குறிப்பிடாமல் இவ்வரலாற்றை மலேசியாவில் எழுத இயலாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரேனின் மேல் 33,000 அடி உயரத்தில் பறந்தபோது ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 298 பேரும் உயிரிழந்தனர். அப்பகுதியில் 32,000 அடிக்குக் கீழே மட்டுமே வான்வெளி மூடப்பட்டிருந்தது. அன்று ஒரே நாளில் 160 பயணிகள் விமானங்கள் அவ்வழியே பறந்துள்ளன என நெதர்லாந்தின் பாதுகாப்பு வாரியம் 2015இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. வான்வெளியை முற்றிலும் மூடுவதற்கு உக்ரேனுக்குப் போதிய காரணம் இருந்தது என்பதும் அவ்வறிக்கையின் முடிவு.

ஐரோப்பாவையும் தென்கிழக்காசியாவையும் இணைக்கும் குறுகிய வழி அப்பகுதியின் வழியாகவே செல்கிறது என்பதை முன்னரே கண்டோம். விமானங்கள் அங்குச் சென்றது அதனாலேயே. விலகிச் செல்வது மேலும் சில நிமிடங்களையும் சில டன் எரிபொருளையும் வேண்டும். வழி திறந்திருக்கிறது என்பதற்கும் வழி பாதுகாப்பானது என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உலகம் அன்று மிகப் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியைக் கடப்புப் பயணங்களுக்கு மூடியபோதும், 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் விரிவடைந்து அந்நாட்டின் வான்வெளி முழுமையும் அடைபட்டபோதும் நேரக்கணக்குகள் மீண்டும் மாறின. ரஷ்யா ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மறுத்ததால், ஹெல்சிங்கி – தோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து ஏறத்தாழ 13 மணியாக நீண்டது. 1932இல் பாரசீகத்தின் மறுப்பினால் வழி வளைந்த நிகழ்ச்சியை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தொழில்நுட்பம் தொண்ணூறு ஆண்டுகள் முன்னேறிய பின்னும் விமானத்தின் வழியை நாடுகளின் இசைவே வகுக்கிறது என்பது தெளிவாகும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவதாக, 10,880 கிலோமீட்டர் என்னும் தொலைவு மாறாதிருக்க, பயண நேரம் 22 நாள், 8 நாள், ஐந்தரை நாள், 9 மணி, 14 மணி எனக் கூடியும் குறைந்தும் வந்துள்ளது. அது எப்போதும் குறைந்துகொண்டே வருவது என்னும் எண்ணம் வரலாற்றிற்குப் பொருந்தவில்லை. இரண்டாவதாக, விமானத்தின் வேகமும் பயணத்தின் வேகமும் வேறுவேறு. இரவு, எரிபொருள், காற்று, இடைநிற்றல் ஆகியவை இடையில் நிற்கின்றன. மூன்றாவதாக, அட்டவணையில் அச்சாகும் ஒவ்வொரு மணியும் பல நாடுகளின் இசைவைப் பெற்ற மணி; அவ்விசைவு எந்நாளும் திரும்பப் பெறப்படலாம்.

இவை வெறும் எண்கள் அல்ல என்பதைப் புலம்பெயர்ந்தோர் நன்கறிவர். மலாயாவிலிருந்து இலண்டனுக்குப் படிக்கச் சென்ற மகனுக்குத் தாயின் மறைவுச் செய்தி தந்தியில் உடனே கிட்டிய காலத்திலும், அவன் வந்து சேர வாரக்கணக்காயிற்று. பயணம் எட்டு நாளாகக் குறைந்தபோதும் அவள் முகத்தைக் காண அவனுக்கு வாய்ப்பில்லை. பதினான்கு மணி நேரமாகக் குறைந்தபின்னரே கொள்ளிவைக்கும் கடமை அவன் கைக்கு எட்டியது. பயண நேரத்தின் வரலாறு யார் யாருடைய இறுதி நாளில் உடனிருக்க முடிந்தது என்பதன் வரலாறும் ஆகும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. தொலைவு எவ்வளவு என்னும் வினாவோடு நிறுத்திவிடாமல், எந்த ஆண்டில், எந்தத் திசையில், எவருடைய வான்வெளியில் என்னும் வினாக்களையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். நான்கு விடைகளைக் கொண்டுவந்த அவ்வகுப்பில் எவரும் தவறு செய்யவில்லை. நாழிகைவழி என்னும் சொல்லைப் படைத்தவர்கள் தொலைவைச் சொல்லும்போதே நடப்பவரின் காலடியையும் கணக்கில் கொண்டனர். வானில் செல்வோர்க்கும் அக்கணக்கு இன்றும் பொருந்துகிறது.